மேல ஒருத்தன் நிக்கான்

ஜூன் 2, திங்கள்

முரளிதரன் அணியை விட்டுப் போய்விட்டான். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். மாப்பிள்ளை ஃபோனில் சுட்டு விளையாடுகிறவர் என்று பெண் வீட்டில் தெரிந்தால் நன்றாக இருக்காதாம். மண்டலச் சுற்று இந்த மாதக் கடைசியில். இப்போதுதான் ஒருவனுக்கு வெட்கம் வருகிறது. போகட்டும்.

சீலன் புது ஆளைப் பிடித்துவிட்டதாகச் சொன்னான். சங்கரன்கோவில் பெண், பெயர் ஆவுடைச்செல்வி, மருந்துக் கடையில் வேலை. தூரத்தில் ஆள் அசைந்தாலும் முதலில் பார்ப்பது அவள்தான் என்கிறான்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னான். கத்தார் விசா வந்துவிட்டது, ஜூலைக் கடைசியில் கிளம்புகிறான். "இதுதான்டா எனக்குக் கடேசி சீசன். இந்தத் தடவையாச்சும் மேடை ஏறிருவோம்." மேடை என்றால் சென்னையில் நடக்கும் இறுதிச் சுற்று. மண்டலத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் வருகிற அணிகளை அங்கே வரவழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து ஆட விடுவார்கள். "சரி, பாப்போம்" என்றேன்.

சீலனை நான் நேரில் பார்த்ததில்லை. அவன் மதுரை, நான் கொரட்டூர். மூன்று வருடமாகக் குரல்தான். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

ஜூன் 4, புதன்

அம்மா, "தெனம் அந்த ஃபோன்கிட்ட என்னடா அப்படிக் கத்துற, அவங்கல்லாம் செவிடா?" என்று கேட்டாள். பொறுமையாக விளக்கினேன். ஒரு தீவு. நான்கு நான்கு பேராகப் பல அணிகள். நேரம் ஆக ஆக ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதற்கு வெளியே நிற்பவன் சாவான். கடைசிவரை நிற்கிற அணி ஜெயிக்கும். நாலு பேரும் நாலு ஊரில் இருப்பதால் ஹெட்செட்டில் பேசிக்கொண்டேதான் ஆட வேண்டும். யார் எங்கே போவது, எப்போது சுடுவது என்று சொல்கிறவன் லீடர். எங்கள் அணிக்கு லீடர் நான். அங்கே என்னைக் காரு என்பார்கள்.

"அப்போ மத்தவங்க சொல்றத யாரு கேப்பா?" என்றாள். அதற்குள் குக்கர் விசில் வந்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

புதுப் பெண்ணோடு முதல் பயிற்சி. நான், சீலன், ஈரோட்டு நவநீதண்ணா, ஆவுடைச்செல்வி. நவநீதண்ணாவுக்குப் பெட்ஷீட் கடை. எங்களில் மூத்தவர். எதிரியைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார். "தம்பி, வர்றாங்க" என்பார். ஒருத்தனா, ஒரு அணியே வருகிறதா என்று மறுபடி கேட்க வேண்டும். "ஒருத்தருதானுங்க" என்று பதில் வருவதற்குள் அந்த ஒருத்தர் வந்து சுட்டுவிட்டுப் போயிருப்பார். சீலனாவது பரவாயில்லை. "அங்கிட்டு ஒருத்தன்டா" என்பான். எங்கிட்டு என்பது அவனுக்கு மட்டும் தெரியும். இவர்களை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

மாடி வீடு ஒன்றுக்குள் இருந்தோம். ஆவுடைச்செல்வி, "அண்ணே, மேல ஒருத்தன் நிக்கான்" என்றாள். மூன்று பேரும் துப்பாக்கியை மாடிப்படியின் பக்கம் திருப்பினோம். மாடியில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாக எவனோ வரிசையாகச் சுட்டான், நாலு பேரும் காலி.

"மேல யாரும் இல்லையேமா" என்றேன்.

"மேலதாண்ணே நின்னான்."

"மாடி காலியா இருந்துச்சு. நானே பார்த்தேன்."

"மாடியில எதுக்குண்ணே பாத்தீக?" என்றாள். என்ன திமிர்.

ஜூன் 6, வெள்ளி

தண்ணீர் கேன் வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவுமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மறுபடி அதே கதை. நவநீதண்ணா கூரைமேல் படுத்திருந்தார். இவள், "கீழ வாரான், கீழ வாரான்" என்றாள். பாவம், வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து அவர் குதித்து இறங்கினார். கீழே ஒருவரும் இல்லை. நடு முற்றத்தில் தனியாக நின்ற மனுஷனைப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து சுட்டுத் தள்ளினார்கள்.

"கண்ணு தெரியுதா இல்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

இனிமேல் மேல, கீழ, அங்கிட்டு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். திரையின் உச்சியில் திசைமானி இருக்கிறது, அதில் எண் இருக்கிறது, எண்ணைச் சொன்னால் போதும். அடுத்த ஆட்டத்தில் ஆவுடைச்செல்வி, "அண்ணே, எரநூத்தி... எழுவது... இல்ல, எழுவத்தஞ்சு" என்று முடிப்பதற்குள் சீலன் செத்துப்போனான்.

அதனால் இன்னொரு விதியும் போட்டேன். நான் கேட்டால் மட்டும் அவள் பேச வேண்டும். "சரிண்ணே" என்றாள். அதற்குப் பிறகு லைன் சுத்தமாக இருந்தது. நான் சொல்வது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

ஜூன் 12, வியாழன்

வேலையில் வழக்கம்போல. வாடிக்கையாளர் சேவை மையத்தில் மற்றவர்கள் பேசிய அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவதுதான் என் வேலை. இன்று ஒரு பையனுக்குப் பூஜ்யம் போட்டேன். வாடிக்கையாளர் அம்மா ரீசார்ஜ் ஏறவில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை குறுக்கே பேசியிருக்கிறான். முழுசாகச் சொல்ல விட்டிருந்தால் பிரச்சினை அவருடைய சிம்மில் இல்லை, மகள் சிம்மில் என்று தெரிந்திருக்கும். கடைசியில் அந்த அம்மா ஒன்றுமே சொல்லாமல் வைத்துவிட்டார். குறிப்புப் பகுதியில், "எதிர்முனை அமைதியாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பொருள் இல்லை" என்று எழுதினேன். மேலாளர் நல்ல குறிப்பு என்று பாராட்டினார்.

மாலைப் பயிற்சியில் வரிசையாகத் தோல்வி. என் வீட்டு நெட் சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

சீலன் கேமுக்கு வெளியே ஃபோன் செய்தான். அப்படிச் செய்கிறவன் இல்லை.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவியா?"

"சொல்லு."

"நேத்து ஆட்டத்தோட பேச்சை ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன். அனுப்புறேன், ஒருதடவ கேளு."

"எதுக்கு?"

"கேளுடா. ஒன் வேலையே அதானடா."

பகல் முழுக்க அதைத்தான் செய்கிறேன், வீட்டிலும் செய்ய முடியாது என்றேன். "சரி விடு. இன்னும் ரெண்டு ஞாயித்துக்கெழமதான் இருக்கு, பாத்துக்க" என்று வைத்துவிட்டான். ரெக்கார்டை அனுப்பியிருக்கிறான். திறக்கவில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 18, புதன்

அணிச் சட்டை தைத்து வந்துவிட்டது. மண்டலச் சுற்றில் கேமரா முன்னால் எல்லோரும் போட்டிருக்க வேண்டுமாம். நாலு ஊருக்கும் நான்தான் கூரியர் செய்ய வேண்டும். பயிற்சிக்கு முன்னால் லைனில் முகவரி கேட்டேன்.

ஆவுடைச்செல்வி, "கீழ ரத வீதி, சங்கரன்கோவில்" என்றாள்.

"கீழ் வீடா? மேல் வீட்ல வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். கூரியர்காரனுக்குத் தெரிய வேண்டுமே.

"கீழ் வீடு இல்லண்ணே. தெருப் பேரே கீழ ரத வீதி. கோயிலுக்குக் கெழக்க இருக்கதுனால கீழ ரத வீதி. மேக்க இருக்கது மேல ரத வீதி."

சீலன் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்தவேயில்லை. "அடேய், நான் மேல மாசி வீதியில பொறந்து வளந்தவன்டா. எனக்கே தோணலையேடா." நவநீதண்ணாவும், "அட, எங்கூர்லயும் மேக்கால கெழக்காலன்னுதானுங்க சொல்றது" என்றார். இதை இத்தனை நாள் கழித்துச் சொல்கிறார்.

ஆக, மேல என்றால் மேற்கு. மாடி இல்லை. அவள் சொன்ன தகவல் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இரு நூற்று எழுபது என்று எண்ணிக்கொண்டிருந்ததைவிட இது சின்ன வார்த்தையும்கூட. இனி மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு, மாடியை மாடி என்றே சொல்வது என்று அணிக்கு அறிவித்தேன். விஷயம் முடிந்தது.

எட்டாம் தேதி அவளிடம் நான் கேட்ட கேள்வி பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மண்டலச் சுற்று, முதல் நாள். மொத்தம் இரண்டு நாள் ஆட்டம். இன்று முடிவில் பன்னிரண்டாம் இடம்.

கடைசி ஆட்டத்தில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். நான் முன்னால், மற்றவர்கள் பின்னால். நான் பாலத்தைக் கடக்கச் சொன்னேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முழு அணி படுத்துக் கிடந்தது. நாலு பேரும் பாலத்திலேயே முடிந்தோம். பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஆவுடைச்செல்வியின் திரையில் அவர்கள் நாலு பேரும் நன்றாகத் தெரிகிறார்கள். நாங்கள் பாலத்தில் கால் வைக்கும் முன்பே தெரிகிறார்கள்.

"பார்த்தியா இல்லையா?"

"பாத்தேண்ணே."

"பார்த்துட்டு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே."

குத்தலாகச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். மேல கீழ குழப்பம் தீர்ந்த அன்றே அந்த விதியும் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். அதை வாய்விட்டுச் சொன்னேனா என்று நினைவில்லை.

சீலன் ஒன்றும் பேசாமல் லைனிலிருந்து போய்விட்டான். அவன் அப்படிப் போனதே இல்லை. திட்டிவிட்டாவது போவான்.

ஜூன் 23, திங்கள்

தலைவலி என்று விடுப்பு எடுத்தேன். தலை வலிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

வேலையில் சர்வர் படுத்துவிட்டது. கேட்க அழைப்பு எதுவும் இல்லை. சும்மா இருப்பதற்குப் பதில் சீலன் அனுப்பிய ரெக்கார்டைப் போட்டேன். முழுசாகக் கேட்டேன். மதிப்பெண் தாளையும் பழக்க தோஷத்தில் எடுத்து வைத்திருந்தேன், ஆனால் எதுவும் எழுதவில்லை. பக்கத்து சீட்டு அமலோர்பவம், "யாரு சார் இது, இப்படி அடுத்தவங்கள வாய தொறக்க விடாம பேசறாரு? எந்த டீமு?" என்று கேட்டாள். வேறு கிளை என்றேன்.

என் மைக் கொஞ்சம் அதிகச் சத்தத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் குறைத்தேன்.

ஆவுடைச்செல்விக்கு மெசேஜ் போட்டேன்: "இனிமே நான் கேக்க வேணாம். பார்த்த உடனே சொல்லு. நான் பேசிட்டு இருந்தாலும் சொல்லு." அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அனுப்பாமல் விட்டேன். "சரிண்ணே" என்று பதில் வந்தது.

ஜூன் 26, வியாழன்

பயிற்சி. ஆவுடை பேசுகிறாள். முதலில் தயங்கித்தான் பேசினாள். அவள் "மேல" என்று ஆரம்பிக்கும்போது நானும் எதையோ சொல்ல ஆரம்பித்தேன், இரண்டு பேரும் நிறுத்தினோம். "நீ சொல்லு" என்றேன். சீலன் லேசாக இருமினான். அவன் சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் இருமுவான்.

அம்மா இன்று, "உன் சத்தத்தையே காணோம், ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

மண்டலச் சுற்று, இரண்டாம் நாள். முதல் இரண்டு ஆட்டத்தில் ஏறி ஏறி ஆறாம் இடத்துக்கு வந்தோம். கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் மூன்றுக்குள் வரலாம், இல்லாவிட்டால் இல்லை. சீலன், "ஜெயிச்சா மெட்ராசு, இல்லாட்டி நேரா தோகா" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

நான் பாதி ஆட்டத்திலேயே செத்தேன். எப்படி என்று எழுதிவிடுகிறேன். ஒரு கூரைமேல் இருந்தேன். ஆவுடை, "காரண்ணே, கீழ ஒருத்தன்" என்றாள். "சரி" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கீழே குதித்தேன். கிழக்கே நின்றவன் நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று அணிக்கு அறிவித்தவன் நான்.

இந்த கேமில் செத்தவனும் பேசலாம். உயிரோடு இருப்பவர்களின் திரையை அவன் பார்க்கலாம், அவன் குரலும் அவர்களுக்குக் கேட்கும். செத்த பிறகுதான் நான் அதிகம் பேசுகிறேன் என்று சீலன் முன்பெல்லாம் சொல்வான். ஆவுடையின் திரைக்குப் போனேன். வட்டம் ஒரு சோளக்காட்டில் வந்து நின்றிருந்தது. எங்களில் மூன்று பேர், எதிரில் இரண்டு அணி.

"மேல ரெண்டு பேரு நிக்கானுவ, பாறைக்குப் பின்னாடி. நம்மள இன்னும் பாக்கல" என்றாள் ஆவுடை.

"அண்ணே, புகை இருக்கா?" என்றான் சீலன்.

"இருக்குதுங்க. போட்டாச்சு."

"சுடாதிக. அவனுவ அந்தப் பக்கத்து ஆளுவள பாத்துட்டு நிக்கானுவ. அடிச்சுக்கிடட்டும்."

சுடு என்றுதான் நான் சொல்லியிருப்பேன். வாய்வரை வந்தது. அவர்கள் மூன்று பேரும் காத்திருந்தார்கள். பாறைக்குப் பின்னால் இருந்தவர்களும் அடுத்த அணியும் ஒருவரை ஒருவர் சுட ஆரம்பித்தார்கள். திரையின் ஓரத்தில், ஓடைக்குள் ஒரு தலை அசைவதைப் பார்த்தேன். சீலனுக்கு வலப்பக்கம், அவன் பார்க்காத பக்கம். மூச்சை இழுத்தேன்.

"வடபக்கம் ஓடையில ஒருத்தன். சீலண்ணே, குனிங்க" என்றாள் ஆவுடை.

சீலன் எங்கே, ஏன், எத்தனை பேர் என்று எதுவும் கேட்கவில்லை. குனிந்தான். அவன் தலைக்கு மேலாக ஆவுடை சுட்டாள். ஓடையில் இருந்தவன் விழுந்தான்.

"பாறையில இன்னும் ஒருத்தருதானுங்க. ஒரே ஒருத்தரு" என்றார் நவநீதண்ணா. ஒருமை பன்மையைத் தெளிவாகச் சொல்ல அவரும் எப்போதோ பழகியிருக்கிறார். எனக்குத் தெரியாது.

"மேலயே பாருங்க, அவன் ஓடி வருவான். நான் கீழ போய்ச் சுத்தி வாரேன்" என்றாள். சுற்றிப் போனாள். அவன் ஓடி வந்தான். சீலன் சுட்டான். திரை முழுக்கத் தங்க நிறமாகிவிட்டது. ஆட்டத்தை ஜெயித்துவிட்டோம், மொத்தத்தில் மூன்றாம் இடம்.

சீலன் கத்திய கத்தலில் ஹெட்செட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. நவநீதண்ணா கடையில் நின்ற வாடிக்கையாளரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆவுடை, "அப்பா, நான் மெட்ராஸ் போறேன்" என்று சொல்வது மைக்கில் விழுந்தது.

"டேய் காரு, இருக்கியா? செத்ததுல இருந்து சத்தமே இல்ல?" என்று சீலன் கேட்டான்.

"மைக் கோளாறு" என்றேன்.

"இப்ப மட்டும் கேக்குது?"

"இப்போ சரியாயிடுச்சு."

"சரியாயிருச்சுதான்" என்றான் சீலன்.

ஜூன் 30, திங்கள்

மைக்கைச் சோதித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

அடுத்த சனிக்கிழமை இறுதிச் சுற்று. அம்மா, வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில்தான் சாப்பாடு என்று முடிவு செய்துவிட்டாள். வஞ்சிரமா, கோழியா என்று சீலனிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறாள். கேட்டேன். "ரெண்டும்" என்றான். நவநீதண்ணா எங்கள் வீட்டுக்கு ஒரு ஜோடி பெட்ஷீட் கொண்டு வருகிறாராம், வேண்டாம் என்று சொல்லக் கூடாதாம்.

முடி வெட்டிக்கொண்டேன். நாளாகிவிட்டது, அதனால்தான்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் எழும்பூர் போனேன். நவநீதண்ணா நேற்றே வந்து தன் அத்தை வீட்டில் இருக்கிறார். சீலனும் ஆவுடையும் அவள் அப்பாவும் தென்காசி ரயிலில் வருகிறார்கள். அப்பாவும் மகளும் சங்கரன்கோவிலில் ஏற, மதுரையில் சீலன் சேர்ந்துகொண்டானாம். ரயில் முன்கூட்டியே வந்துவிட்டது. நான் உள்ளே நுழையும்போது நடைமேடையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சீலனுக்கு ஃபோன் போட்டேன்.

"எங்கடா நிக்கிற?"

"மேல நிக்கிறோம்டா. வா."

நடைமேடையின் மேற்குக் கோடிக்கு நடந்தேன். வேகமாகத்தான் நடந்தேன். அங்கே பார்சல் மூட்டைகளும் தூங்குகிற ஒரு நாயும்தான் இருந்தன. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். எந்த முகத்தைத் தேடுவது என்று தெரியாமல் தேடுவது எனக்குப் பிடிக்கவில்லை. போன வாரமே ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கலாம். மூன்று வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

மறுபடி போட்டேன். "எங்கடா இருக்கீங்க? நான் மேலதான் நிக்கிறேன்."

"நீ எங்க மேல நிக்கிற? நாங்கதான மேல நிக்கிறோம்?"

"கடைசி வரைக்கும் வந்துட்டேன். மேற்கால இதுக்கு அந்தாண்ட தண்டவாளம்தான் இருக்கு."

ஒரு பெண் குரல் சிரித்தது. ஹெட்செட் இல்லாமல், நிஜமாகவே மேலே இருந்து, காற்றில் வந்து காதில் விழுந்தது.

"காரண்ணே, இந்த மேல அந்த மேல இல்ல. அண்ணாந்து பாருங்க."

நடைமேம்பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் நின்றார்கள். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். அணிச் சட்டையோடு ஒல்லியாக ஒரு பெண். பக்கத்தில் குட்டையாக, தொப்பையோடு, வழுக்கை விழ ஆரம்பித்த ஒருவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தக் குரலுக்கு ஆறடி உயரம் கொடுத்து வைத்திருந்தேன்.

படி ஏறினேன். ஆவுடையிடம் முதலில் போனேன். அன்றைக்கு அனுப்பாமல் விட்ட வரியை இப்போது சொன்னேன்: "கண்ணு தெரியுதான்னு கேட்டேன்ல, அது தப்பு." அவள் அப்பா எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தார். "அத எப்பவோ விட்டாச்சுண்ணே" என்றாள்.

சீலன் பையைக் கீழே போட்டுவிட்டு என் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை சூடாக இருந்தது. அவன் கத்தார் கிளம்ப இன்னும் இரண்டு வாரம்தான், பிறகு மறுபடி குரல் மட்டும்தான். அந்த நேரத்தில் அதை நினைத்திருக்கக் கூடாது.

"என்னடா காரு, ஒண்ணுமே பேச மாட்டேங்கிற?" என்றான்.

குனிந்து அவன் பையை எடுத்துக்கொண்டேன். "மைக் கோளாறு" என்றேன்.